யோசனை முதலாளியும் கொழும்புக் குடையும்

வரப்போகும் மழைக்கும், வராமல் போன மழைக்கும், பெய்து ஓய்ந்துவிட்ட மழைக்கும் ஒரே நேரத்தில் கவலைப்படக்கூடிய மனிதர் ஊவா மாகாணத்தில் ஒருவர்தான் இருந்தார். மன்னிக்க வேண்டும், இருக்கிறார். 'இருந்தார்' என்று நான் எழுதியது தெரிந்தால் அதற்காகவும் ஒரு வாரம் கவலைப்படுவார்.

பசறை பஸ் நிலையத்துக்கு எதிரே அவருடைய பலசரக்குக் கடை. பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஊருக்கு அவர் 'யோசனை முதலாளி'. எங்கள் பக்கத்தில் யோசனை என்றால் கவலை. 'யோசிக்காதீங்க' என்றால் மூளையை உபயோகிக்க வேண்டாம் என்று அர்த்தமில்லை, கவலைப்பட வேண்டாம் என்று அர்த்தம். இவரிடம் யாராவது அப்படிச் சொன்னால் முகம் வெளுத்துவிடும். "ஏன் அப்படிச் சொல்றீங்க? என்னா விஷயம்?" என்பார்.

கடையைப் பூட்டிவிட்டுச் சந்திவரை போவார். பூட்டினேனா என்று சந்தேகம் வரும். திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். இப்படி மூன்று முறை. நான்காம் முறை வெட்கம் வந்து, எதிர் ஹோட்டல்காரரிடம் போனில் சொல்லி இழுத்துப் பார்க்கச் சொல்வார். பிறகு அந்த மனுஷன் இழுத்த இழுப்பில் பூட்டு தளர்ந்திருக்குமோ என்று ஐந்தாம் முறையாகத் தானே வருவார்.

நான் அப்போது பசறையில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞர். என் மேசையில் இருக்க வேண்டிய நேரத்தில் பாதியை அவர் கடையில் கழித்தேன். கடையில் ஒரே ஒரு நாற்காலி. அதில் நான் உட்கார்ந்தால் ஒரு பிளேன்டி, அதாவது பால் விடாத தேத்தண்ணீர், வரும். ஆறு வருடத்தில் அந்தக் கடையில் நான் வாங்கியது ஏழெட்டு நெருப்புப் பெட்டி இருக்கலாம். எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருந்தது. அதை நான் மறுக்கவில்லை. இந்தக் கதையில் நடந்த கேடு பாதிக்கும் மேல் அதனால் வந்ததுதான்.

முதலில் அவருடைய வியாபாரத்தைச் சொல்ல வேண்டும். தேயிலைத் தோட்டத்து ஆட்கள் போனில் சாமான் சொல்வார்கள். இவர் உரப்பையில் கட்டி, தோட்டத்துப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏற்றிவிடுவார். அவர்களுடைய வரிசை வீடுகளான லயத்துக்குக் கிட்டே பஸ் நிற்கும்போது ஆள் வந்து இறக்கிக்கொள்ளும். கேட்க லேசாக இருக்கும். ஆனால் தோட்டத்தின் ஒரே டிவிஷனில் பதினொரு லெட்சுமி இருந்தார்கள். பெயர் எழுதினால் சண்டை. அதோடு, பஸ் கொண்டக்டர்மாருக்குத் தமிழ் வாசிக்க வராது. முதலாளிக்குச் சிங்களம் பேச வரும், எழுத வராது. ஆகவே படம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு படம். மார்க்கர் பேனாவால் பையில் வரைந்துவிடுவார். ஏணி ஒரு லெட்சுமி. மீன் ஒரு லெட்சுமி. சைக்கிள் ஒரு லெட்சுமி. பஸ் நின்றதும் கொண்டக்டர் "ஏணி! மீன்! சைக்கிள்!" என்று கத்துவார். படங்களின் பெயரை மட்டும் அவர் தமிழில் சொல்வார். அவருக்குத் தெரிந்த தமிழே அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

எந்தப் படம் யாருக்கு என்பதை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார். முந்நூறுக்கு மேல் இருக்கும். ஒரு படத்தை இரண்டு பேருக்குக் கொடுத்துவிடுவோமோ என்பது அவருடைய ஆயிரம் பயங்களில் தலையாயது. அதனால் புதுக் குடும்பம் ஒன்று வந்தால் மாப்பிள்ளை பார்ப்பதுபோல் நாள் கணக்கில் படம் பார்ப்பார்.

குடைப் படம் காளியம்மாவுடையது. கீழ் டிவிஷனில் கொழுந்து எடுக்கிற மனுஷி; நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பார், காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் தோட்டத்துத் துரையையே குரல் தாழ்த்திப் பேச வைப்பவர் என்று பெயர். பஸ்ஸில் குடையை விட்டுவிட்டு இறங்குவது அவருக்கு ஒரு பழக்கம். ஒரே வருடத்தில் ஒன்பது முறை கொண்டக்டர் அதைக் கொண்டுவந்து முதலாளியிடம் கொடுத்தார். ஒன்பதாம் முறை முதலாளி கொப்பியைத் திறந்து, காளியம்மாவுக்கு நேராகக் குடையை வரைந்தார். அவ்வளவுதான் அந்த மார்க்கின் வரலாறு.

காளியம்மாவின் பேத்திக்குக் கல்யாணம் வந்தது. அரிசி, பருப்பு, கிழங்கு, சீனி எல்லாம் சேர்த்து முப்பத்தாறு பை. முப்பத்தாறிலும் குடை. பஸ்ஸின் பின்கதவால் அவற்றை ஏற்றிக்கொண்டிருந்தபோது, வெள்ளைச் சட்டையும் டையுமாக ஓர் இளைஞர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, போனை எடுத்துப் பல கோணத்தில் படம் பிடித்தார். கல்யாணச் சாமானைப் படம் பிடிக்கிறாரே, நல்ல மனசு என்று முதலாளி அவருக்கும் ஒரு பிளேன்டி கொடுத்தார்.

அந்த இளைஞர் கொழும்பில் உள்ள பெரிய தேயிலைக் கம்பெனி ஒன்றின் விற்பனைப் பிரதிநிதி. அந்தக் கம்பெனியின் தேயிலைப் பெட்டியில் மார்க்காக இருப்பது சிவப்புக் குடை.

மூன்று வாரத்தில் பதிவுத் தபால் வந்தது. முதலாளி கையெழுத்துப் போட்டு வாங்கி, பிரிக்காமல் தராசுக்கு அடியில் வைத்தார். இரண்டு நாள் அந்தத் தராசில் எதையும் நிறுக்கவில்லை. மூன்றாம் நாள் என் அலுவலகத்துக்கு ஆள் அனுப்பினார். நான் போய் நாற்காலியில் உட்கார்ந்து உறையைப் பிரித்தேன். மா மூட்டை மேல் உட்கார்ந்திருந்த அவர் எழுந்து நின்றார். கடிதத்துக்கு முன்னால் உட்காரக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ.

"குடை மார்க் அவங்களோடதாம். பதிவு செஞ்சிருக்காங்களாம். நீங்க அந்த மார்க்கைப் போட்டுப் போலித் தேயிலை விக்கிறீங்களாம். பதினாலு நாளைக்குள்ள நிப்பாட்டி, இனிமே போட மாட்டேன்னு எழுதிக் குடுக்கணும். இல்லாட்டி வழக்கு."

"எங்க வழக்கு?"

"கொழும்புல."

தூணைப் பிடித்துக்கொண்டார். "எவ்வளவு கோபமா இருக்காங்க சேர்?"

"கோபமெல்லாம் இல்ல. கடைசியில 'தங்கள் உண்மையுள்ள'ன்னுதான் போட்டிருக்காங்க."

"அப்ப ரொம்பக் கோபம்" என்றார்.

அன்று பின்னேரமே கடையில் விற்பனைக்குத் தொங்கிய குடைகள் எல்லாம் மா மூட்டைக்குப் பின்னால் போய்விட்டன. சுவரில் இருந்த கலண்டரில் யாரோ ஒரு சாமியாருக்குப் பின்னால் ஒருவர் குடை பிடித்திருந்தார்; கலண்டர் திரும்பிச் சுவரைப் பார்த்தது. பசறையில் அது அடைமழைக் காலம். கடைக்கு வருகிறவர்களிடம், "குடையை மடக்கிட்டு வாங்க, குடையை மடக்கிட்டு வாங்க, யாராச்சும் போட்டோ எடுத்துருவான்" என்று வாசலில் நின்று கெஞ்சினார். ஜனங்கள் நனைந்துகொண்டே அரிசி வாங்கிப் போனார்கள்.

"பையில தேயிலை இல்ல, கல்யாண அரிசின்னு எழுதிப் போட்டா முடிஞ்சிது" என்று நான் தைரியம் சொன்னேன். தைரியம் சொல்வது லேசு, அப்போது என் பெயர் எந்தக் கடிதத்திலும் இல்லை.

பதில் கடிதத்தை நான்தான் ஆங்கிலத்தில் எழுதினேன். எங்கள் பக்கத்தில் மேலிடத்துக்கு எது எழுதினாலும் முதல் பத்தியில் மன்னிப்புக் கேட்டுவிடுவது வழக்கம். தண்ணீர்க் குழாய் கேட்டு எழுதினாலும் மன்னிப்பு, பாதை கேட்டு எழுதினாலும் மன்னிப்பு. எதற்கு மன்னிப்பு என்று யாரும் கேட்டதில்லை. அது இல்லாவிட்டால் மனு மொட்டையாக இருக்கும். நானும் அப்படியே தொடங்கினேன். அடியேன் செய்த பிழைகள் அனைத்தையும் தாழ்மையுடன் ஏற்று, தங்கள் பொன்னான பாதங்களில் பொறுத்தருள வேண்டி… என்று ஒரு பத்தி. கல்யாண அரிசி விஷயம் இரண்டாம் பக்கத்தில்தான் வந்தது. எழுதி முடித்துப் படித்தபோது எனக்கே கண் கலங்கியது. முதலாளி கையெழுத்துப் போட்டார். உதவி செய்த பெருமையில் அடியில் என் பெயரையும் போட்டுவைத்தேன்.

அடுத்த கடிதம் ஒரு வாரத்தில் வந்தது. இந்த முறை நானும் நின்றுகொண்டுதான் படித்தேன்.

"என்னா சேர் சொல்றாங்க?"

"நீங்க குத்தத்தை எழுத்து மூலமா ஒத்துக்கிட்டதை வரவேற்கிறாங்களாம்."

"நான் எங்க ஒத்துக்கிட்டேன்?"

"முதல் பக்கத்துல."

"ரெண்டாம் பக்கம்?"

"ரெண்டாம் பக்கத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லல."

அடுத்த சனிக்கிழமை கம்பெனியின் சட்டத்தரணி நேரில் வருவார், குடை போட்ட பைகள் எல்லாவற்றையும் காட்டி உறுதிப்பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று இருந்தது. கடைசி வரியில் என் பெயரும் இருந்தது. முதலாளி அதைக் கண்டு, "நீங்க யோசிக்காதீங்க சேர்" என்றார். அதைக் கேட்டதும் எனக்கும் யோசனை பிடித்துக்கொண்டது. அரசாங்க உத்தியோகம், இரண்டு பிள்ளைகள். என்னையும் கொழும்புக் கோர்ட்டில் கூண்டில் ஏற்றி, அந்தப் பொன்னான பாதங்களை உரக்க வாசிக்கச் சொல்வது மாதிரி ஒரு காட்சி கண்ணை மூடும்போதெல்லாம் வந்தது.

"குடையை விட்டுருவோம். காளியம்மாவுக்கு வேற படம் குடுங்க. பிரச்சினை தீர்ந்துச்சு" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கொழும்புக் கம்பெனி மேல் இருந்த பயம் காணாமல் போய் வேறொரு பயம் வந்திருந்தது. "அதை யாரு அவங்ககிட்டச் சொல்றது?"

இரண்டு பேரும் போனோம். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில், ஒரு கிலோ சீனியோடு. மழை விட்டிருந்தது. ஆனாலும் ஒவ்வொரு வளைவிலும் முதலாளி மேட்டுப் பக்கம் தலையைத் தூக்கி மண் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்தார். பஸ்ஸில் பாதிப் பேர் அப்படித்தான் பார்த்தார்கள். மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் புதைந்த பிறகு மழைக்காலத்தில் எங்கள் பக்கத்தில் எல்லோருமே கொஞ்சம் யோசனை முதலாளிதான்.

காளியம்மா லயத்து வாசலில் விறகு காயப் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னாங்க முதலாளி, நேர்லயே வந்திருக்கீங்க? கடையைப் பூட்டுனீங்களா?"

முதலாளி முகம் மாறியது. அந்தக் கேள்வியை அவரிடம் கேட்டிருக்கக் கூடாது. அதற்குப் பிறகு அவர் எதையும் பேசும் நிலையில் இல்லை. நான்தான் விஷயத்தைச் சொன்னேன். காளியம்மா விறகை வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்துக் கேட்டார்.

"தேயிலைக் கம்பெனியா?"

"ஆமா."

"அந்தப் பெட்டிக்குள்ள இருக்கிற கொழுந்து எங்க எடுத்தது?"

"அது… இந்த மாதிரித் தோட்டங்கள்லதான்."

"கொழுந்து எடுக்கிறது நாங்க. குடை மட்டும் அவங்களோடதா?" முதலாளி பக்கம் திரும்பினார். "நீங்க என்னா சொன்னீங்க அவங்ககிட்ட?"

"மன்னிப்புக் கேட்டோம்" என்றார் முதலாளி.

"நல்லா இருக்கு ரெண்டு பேரும். ஒருத்தர் படிச்சவரு, ஒருத்தர் முதலாளி." சீனியை வாங்கி உள்ளே வைத்தார். "இந்தா பாருங்க, பஸ் நின்னு 'குடை!'ன்னு கத்துனா இந்த லயமே சொல்லும், காளியம்மா இறங்கிப் போன்னு. என் மக வெளிநாட்டுல இருந்து சாமான் அனுப்பினாலும் குடைன்னு போட்டுத்தான் அனுப்புறா. எனக்குக் கையெழுத்துப் போட வராது. அந்தக் குடைதான் என் கையெழுத்து. குடுக்க மாட்டேன்."

திரும்பி வரும்போது முதலாளி மேட்டுப் பக்கம் பார்க்கவே மறந்துவிட்டார். பிறகு, "சரியாத்தானே சேர் சொல்றாங்க" என்றார். அதைவிட மெதுவாக, "பூட்டுனேனா?" என்றார்.

சனிக்கிழமை. மழை. சட்டத்தரணி ஓர் இளம் பெண். தமிழ் நன்றாகப் பேசினார். கூடவே அந்த டை கட்டிய இளைஞர். கம்பெனி வாகனத்திலிருந்து இறங்கி இரண்டு பேரும் சிவப்புக் குடை பிடித்துக்கொண்டு வந்தார்கள். "குடையை மடக்கிட்டு வாங்க" என்று முதலாளி பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தார்.

நாற்காலியை அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தார்கள். ஆறு வருடத்தில் முதல் தடவையாக அதில் வேறொருவர் உட்கார, நான் நின்றேன். மேசையில் உறுதிப்பத்திரம், பக்கத்தில் பேனா. முதலாளி எடுக்கப் போனதில் பேனா நழுவித் தராசுத் தட்டில் விழுந்து டிங்கென்றது.

"பயப்படாதீங்க. கையெழுத்துப் போட்டா விஷயம் முடிஞ்சிரும்" என்றார் அந்தப் பெண். நான் மனசுக்குள் 'போடுங்க, போடுங்க' என்று ஜெபித்துக்கொண்டிருந்தேன். வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

முதலாளி பேனாவை எடுத்தார். வைத்தார்.

"முடியாதுங்க மிஸ்."

"என்ன?"

"என்னோடதா இருந்தா இப்பவே குடுத்திருப்பேன். கடையைக் கேட்டாக்கூடக் குடுத்திருப்பேன், எனக்கு அவ்வளவு பயமா இருக்கு. ஆனா அது என்னோட மார்க் இல்லீங்க. காளியம்மாவோடது."

"அப்போ உங்க மார்க் எது?"

"எனக்கு மார்க் இல்லீங்களே. நான் பஸ்ல பார்சல் வாங்குறது இல்லையே."

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்போதுதான் அவர் திரும்பி, சுவரோரம் அடுக்கியிருந்த சனிக்கிழமைப் பைகளைப் பார்த்தார். ஏணி, மீன், கத்தரிக்கோல், சைக்கிள், மூன்று புள்ளி, கேத்தல், யானை. எழுந்து போய் ஒவ்வொன்றாகப் பார்த்தார். முதலாளி அவருக்குப் பின்னாலேயே போய், கொப்பியை விரித்து, எந்தப் படம் எந்த லயம், எந்தக் குடும்பம் என்று சொல்லத் தொடங்கினார். கொப்பி கையில் வந்ததும் அவர் குரலில் நடுக்கம் குறைந்திருந்தது. டை கட்டிய இளைஞர் ஒரு பையை மெல்ல மோந்து பார்த்தார். கருவாடு.

"சரி" என்றார் அந்தப் பெண், வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு. "அந்த அம்மாவுக்கு வேற ஒரு படம் குடுக்கலாமே?"

"அவங்க கேக்க மாட்டாங்க மிஸ். நாங்க போய்க் கேட்டுப் பார்த்துட்டோம். ஆனா…" முதலாளி தயங்கினார். பிறகு, வீட்டுக்கு வந்த விருந்தாளியை வெறுங்கையோடு அனுப்ப மனம் வராதவர்போல, கொப்பியின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். "கம்பெனிக்கு வேணும்னா ஒரு படம் பதிஞ்சு தர்றேன். இப்ப காலியா இருக்கிறது சீப்பும் செருப்பும். சீப்பு நல்லா இருக்கும். வரையவும் லேசு."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். கொழும்பில் எத்தனையோ மாடிக் கட்டிடத்தில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு, பசறையில் நின்றுகொண்டு சீப்பைச் சிபாரிசு செய்துவிட்டார் இந்த மனுஷன்.

அந்தப் பெண் சிரித்தேவிட்டார். சிரித்துக்கொண்டே கொப்பியை வாங்கிப் புரட்டினார். "இங்க ஒரு கொக்கு இருக்கு, ஒரு நட்சத்திரம் இருக்கு. எதிர்ல ஆளே இல்ல. இதுகளும் காலிதானே?"

"இல்லீங்க." முதலாளி கொப்பியை மெதுவாகத் திரும்ப வாங்கிக்கொண்டார். "அது மண்ணு சரிஞ்சப்ப போனவங்களோடது. யாருக்கும் குடுக்கிறது இல்ல."

டை கட்டிய இளைஞர் டையைத் தளர்த்திக்கொண்டார். அந்தப் பெண் உறுதிப்பத்திரத்தை எடுத்து இரண்டாக மடித்துப் பைக்குள் வைத்தார். "பிளேன்டி இருக்கா?" என்று கேட்டார்.

அடுத்த மாதம் ஒரு கடிதம் வந்தது, இந்த முறை தமிழில். கம்பெனியின் குடை விரித்த குடை. ஆகவே காளியம்மாவின் குடையை மடக்கிய குடையாக வரைந்தால் தங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று இருந்தது. முதலாளி பயந்து பயந்து போன் போட்டார். காளியம்மா யோசித்துவிட்டு, "பஸ்ல விட்டுட்டு வர்றப்ப அது மடக்கித்தானே கிடக்கும், போடுங்க" என்றார்.

நான் நிம்மதியாக மூச்சுவிட்டேன். முதலாளிக்கு அந்த வசதி கிடையாது. மடக்கிய குடை பார்ப்பதற்குக் கைத்தடி மாதிரி இருந்தது. கைத்தடி மேல் டிவிஷன் பழைய கங்காணியுடையது. இரண்டாம் வாரமே கங்காணி வீட்டுக்குக் காளியம்மாவின் கருவாடு போய்விட்டது. அவர்கள் சுத்த சைவம். அந்த வழக்கு கொழும்பு வழக்கைவிட நீண்ட நாள் ஓடியது. அதில் யாரும் என்னை ஆங்கிலத்தில் கடிதம் எழுதச் சொல்லவில்லை.

பிறகு எனக்குப் பதுளைக்கு மாற்றம் வந்தது. புறப்படும்போது போய்ச் சொன்னேன். "பதுளை ரோட்டுல வளைவு ஜாஸ்தி சேர்" என்றார். நானும் ஒரு நெருப்புப் பெட்டி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

போன மாதம் ஒரு நாள், பதுளை பஸ் நிலையத்திலிருந்து போன். பசறை பஸ்ஸில் எனக்கு ஒரு பார்சல் வந்திருக்கிறதாம். நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லையே என்று யோசித்துக்கொண்டே போனேன். கொண்டக்டர் என்னைப் பார்த்ததும் பெயர் கேட்கவில்லை, அடையாள அட்டை கேட்கவில்லை. "நாற்காலி?" என்றார், தமிழில்.

சின்ன உரப்பை. மேலே மார்க்கர் பேனாவால் ஒரு நாற்காலி. அவசரத்தில் மூன்று கால்தான் விழுந்திருந்தது. நான் வாசலிலேயே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"வந்து சேர்ந்துச்சா சேர்? தேயிலைத் தூள்தான். இங்க நல்ல மழை. எனக்கு ஒரே யோசனை."

"வந்துருச்சு. எப்ப எனக்குப் படம் பதிஞ்சீங்க?"

"அது கொப்பியில ஆரம்பத்துலயே இருக்கே. நீங்க முத முதல்ல வந்து உக்காந்த அன்னைக்குப் பதிஞ்சது."

தூள் தீர்ந்து பல நாளாகிறது. பையில் அந்த நாற்காலி உள்ள துண்டை மட்டும் வெட்டியெடுத்து மேசை லாச்சிக்குள் வைத்திருக்கிறேன். அது தங்களுடையது என்று கொழும்பிலிருந்து யாராவது ஒரு கடிதம் போட்டுப் பார்க்கட்டும். இந்த முறை முதல் பக்கத்தில் மன்னிப்பு இருக்காது.